குட்டி வருது, கூட்டம் வேண்டாம்

மும்பைக்குக் காரில் வந்து இறங்கின நாய்க்குட்டிகளில் ரொம்பப் பேர் வாங்கினது கோவா. ரத்தன் டாடாவோட நாய். கோவாவில் தெருவில் சுத்திக்கிட்டிருந்த குட்டி, டாடாவோட சக ஊழியர் ஒருத்தர் காருக்குள்ள தானாவே ஏறி உட்கார்ந்து, டாடா தலைமை அலுவலகமான பம்பாய் ஹவுஸ் வரைக்கும் வந்து சேர்ந்தது. அதனாலதான் அந்தப் பேர்னு டாடாவே இன்ஸ்டாகிராமில் எழுதியிருந்தார். 2024 அக்டோபரில் அவர் காலமானப்போ, என்சிபிஏ கலை மையப் புல்வெளியில் கடைசியாப் பார்க்க அந்த கோவாவையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க. டிவியில் நிறைய பேர் பார்த்திருப்பீங்க.

இந்தக் கதையை என் பொண்ணு எங்க வீட்டில் சொன்னதுக்கு அளவே இல்லை. "அம்மா, அது கோவாலேர்ந்து வந்திருக்கு. நமக்கு தாராவிதானே, பக்கம்" என்பாள். நாங்க இருக்கிறது செம்பூர். குட்டி இருந்தது தாராவியில், 90 அடி ரோடை ஒட்டின ஒரு கல்லியில், அதாவது சந்தில். மேப்பில் பார்த்தா பத்து கிலோமீட்டர்கூடத் தேறாது. ஆனா தானா ஏறி வர்ற குட்டி வேற, தாய்கிட்டேயிருந்து நாம தூக்கிக்கிட்டு வர்ற குட்டி வேற. கோவா இஷ்டப்பட்டு ஏறினது. நம்ம குட்டியை யாரும் இஷ்டம் கேட்கலை.

எங்க பில்டிங்கில் இப்போ இன்னும் ரெண்டு வீட்டில் நாய்க்குட்டிப் பேச்சு ஓடுது. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் இதே விசாரணைதான். எப்படிக் கொண்டு வந்தீங்க, கத்தலையா, காரை நாசம் பண்ணலையா? லிஃப்ட் மேலே போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. அதான் இங்கே விலாவாரியா எழுதறேன். சுருக்கமா வேணும்னா ஒண்ணே ஒண்ணு: கூட்டி வர்ற அந்த ஒரு மணி நேரத்துக்குக் குட்டிக்கு வேண்டியது பாசம் இல்லை, ஏற்பாடு. பாசத்தைக் காட்ட அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கு.

பால்குடி மறக்கட்டும்

குட்டி போட்ட நாய், ஒரு ஆச்சி வீட்டுப் படிக்குக் கீழே குடியிருந்தது. ஆச்சி திருநெல்வேலிப் பக்கம். விடியறதுக்கு முன்னாடியே இட்லி ஊத்திக் கொடுப்பாங்க. தாராவியிலிருந்து காலையில் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கிட்டு ஊர் முழுக்கப் போறாங்களே, அந்தப் பையன்களுக்கு. மிச்ச இட்லியும், கோழிக்கால் வேகவச்ச தண்ணியில் பிசைஞ்ச சோறும் நாய்க்கு.

நாங்க முதலில் போனப்பவே என் பொண்ணு ஒரு குட்டியை மடியில் வச்சுக்கிட்டு எழுந்திருக்க மாட்டேன்னுட்டா. ஆச்சி கறாரா சொல்லிட்டாங்க: "கண்ணு முழிச்சே ரெண்டு வாரந்தாம்மா ஆவுது. இப்பம் தூக்கிட்டுப் போனா தாய்க்காரி என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிப்புடுவா. பால்குடி மறக்கட்டும், அப்புறம் வாங்க."

ஆச்சி சொன்னதைத்தான் சட்டமும் சொல்லுது. நாய் வளர்ப்பு, விற்பனை பத்தி மத்திய அரசு 2017-ல் கொண்டு வந்த விதிகளின்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. காரணம் பால் மட்டும் இல்லை. கூடப் பிறந்ததுங்களோட கடிச்சு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடிச்சா எதிராளிக்கு வலிக்கும்னு குட்டி கத்துக்குது. அழுத்திக் கடிச்சா மத்தது வீல்னு கத்தி விளையாட்டை விட்டுட்டுப் போயிடும். அந்தப் பாடத்தை நம்ம வீட்டு சோபா காலோ சாக்ஸோ சொல்லித் தராது. அதே சமயம் ரொம்பத் தள்ளிப் போடவும் கூடாது. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு பேர் வருஷக்கணக்கா நாய்க்குட்டிகளைக் கவனிச்சு 1965-ல் ஒரு புத்தகம் போட்டாங்க. மூணாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும்தான் குட்டி மனுஷங்களையும் உலகத்தையும் பயமில்லாமப் பழகிக்கிற காலம்னு அதில் சொல்லியிருந்தாங்க. இன்னிக்கும் நாய் வளர்க்கிறவங்க பேசறது அந்தக் கணக்கை வச்சுத்தான். ஆக, எட்டாவது வாரத்துக்குப் பிறகு, ரொம்ப நாள் கடத்தாம. அதுதான் கூட்டி வர்ற நேரம்.

ஜாதி நாய் வாங்கப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. போனில் போட்டோ காட்டி, பணத்தை வாங்கிக்கிட்டு, பெட்டியில் போட்டு ராத்திரி பஸ்ஸில் ஏத்தி அனுப்பற ஆளுங்க இருக்காங்க. அந்தப் பக்கமே போகாதீங்க. நேரில் போய்த் தாய் நாயைப் பாருங்க, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பண்ணின சான்றிதழைக் கேளுங்க. ரெண்டையும் காட்டத் தயங்கினா, வந்த வழியே திரும்பிடலாம். எங்க வீட்டுக்காரரோட தம்பி ஊரிலிருந்து சிப்பிப்பாறைக் குட்டி தர்றேன்னு சொன்னார். நல்ல நாய்தான், நம்ம மண்ணோட நாய். இன்னொரு நம்ம ஊர் நாயான ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வந்திருக்கு, நமக்கும் பெருமைதான். ஆனா முயல் துரத்தப் பிறந்த சிப்பிப்பாறையை ரெண்டு பெட்ரூம் வீட்டில் கட்டிப் போடறது நியாயமா? ஓடறதுக்கு நம்மகிட்ட இருக்கிறது பார்க்கிங் மட்டும்தான். வேண்டாம்னுட்டோம்.

டாக்டர் முதல்ல, கார் அப்புறம்

குட்டியைக் கூட்டி வர்ற அன்னிக்கே ஊசியும் போட்டுடலாம்னு நினைப்பாங்க. ஒரே அலைச்சலாப் போயிடும்னு கணக்கு. குட்டிக்கு அது தாங்காது. பூச்சி மருந்தும் முதல் ஊசியும் ஆச்சி வீட்டில் இருக்கும்போதே முடிச்சுட்டோம். ஊசி அசதி தீர சில நாள் விட்டு, அப்புறம்தான் பயணம்.

ஊசின்னா என்னென்னன்னு தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள்ள முதல் கூட்டு ஊசி. அது டிஸ்டெம்பர், பார்வோ மாதிரி வியாதிகளுக்கு. அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா, பதினாறு வாரம் வரைக்கும் தொடரும். ரேபிஸ் ஊசி மூணு மாசத்தில், பிறகு டாக்டர் சொல்ற கணக்கில் வருஷா வருஷம். இதில் மும்பைக்காரங்க கூடுதலாக் கேட்க வேண்டியது லெப்டோ. எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணியில் பரவுற காய்ச்சல், மனுஷனுக்கும் வரும். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டினதே, அதுக்கப்புறம் இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் லெப்டோ கேஸ் குவிஞ்சது. காந்தி மார்க்கெட், ஹிந்துமாதா பக்கமெல்லாம் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணியில் நடந்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பார்வோதான் குட்டிக்கு எமன். 1978-ல் தலையெடுத்து, ஓரிரு வருஷத்துக்குள்ள உலகம் முழுக்கப் பரவின வைரஸ். ரத்தமா பேதி போய், ரெண்டு மூணு நாளில் குட்டி துவண்டுடும். நாய்ப் பீயிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து நம்ம செருப்புக்கு வரும். மண்ணில் மாசக்கணக்கில் உயிரோட கிடக்கும். ஃபினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் பயப்படும். அதனால கிளினிக்கில் காத்திருக்கும்போது குட்டியைத் தரையில் விடவே விடாதீங்க. பக்கத்து பெஞ்சில் இருக்கிற அம்மா "கீழே விடுங்க, விளையாடட்டும்" என்பாங்க. சிரிச்சுட்டு மடியிலேயே வச்சுக்கணும்.

காருக்குள்ள என்ன வேணும்

முதல் வேலை, கார் வாசனையைத் துரத்தறது. எங்க காரில் ஏசி துவாரத்தில் ஒரு மல்லிகை வாசனை டப்பா, பிள்ளையாருக்கு முன்னாடி ஒரு கற்பூர வில்லை, டிக்கியில் எப்பவோ போட்ட பாச்சை உருண்டை. எல்லாத்தையும் முந்தின நாளே எடுத்தாச்சு. பாச்சை உருண்டையும் கற்பூரமும் நாய் தின்னா விஷம். அது போகட்டும், நம்மளைவிடப் பல்லாயிரம் மடங்கு கூர்மையான மூக்கு உள்ள உயிரை மல்லிகை டப்பாவோட அடைச்சு வச்சா, அதுவே வாந்திக்குப் போதும்.

வாந்திக்கு இன்னொரு காரணம் காது. உடம்பு சாயறதையும் ஆடறதையும் மூளைக்குச் சொல்ற உள்காது குட்டிக்கு இன்னும் பக்குவப்பட்டிருக்காது. கண் ஒண்ணு சொல்லும், காது ஒண்ணு சொல்லும், வயிறு புரட்டும். பெரும்பாலான குட்டிகளுக்கு வளர வளரச் சரியாயிடும். அதுவரைக்கும் வெறும் வயித்தில் கூட்டி வர்றதுதான் வழி. கிளம்பறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை நிறுத்தச் சொல்லி ஆச்சிகிட்ட முந்தின ராத்திரியே போன் போட்டேன். "பச்சப் புள்ளைய பட்டினி போடச் சொல்லுதியே" என்று குறைப்பட்டுக்கிட்டாங்க. தண்ணி கொஞ்சம் கொடுக்கலாம். பால் வேண்டாம். பசும்பால் நிறையக் குட்டிகளுக்குச் செரிக்காது, பேதியாகும்.

உட்கார வைக்க, மார்க்கெட்டுக்குக் கொண்டு போற உயரமான பிளாஸ்டிக் கூடை. அடியில் பழைய பெட்ஷீட், மேலே நியூஸ்பேப்பர் நாலு மடிப்பு. அதுக்கும் மேலே முக்கியமான ஒண்ணு: ஒரு பழைய துண்டை முந்தின வாரமே ஆச்சிகிட்ட கொடுத்து, தாய் நாய் படுக்கிற இடத்தில் போடச் சொல்லியிருந்தோம். எடுத்துப் பார்த்தா அழுக்கும் ரோமமும் பால் வாடையுமா இருந்தது. துவைக்காம அப்படியே கூடையில் போட்டேன். கடையில் விக்கிற எந்த மெத்தைக்கும் இந்தத் துண்டோட மகிமை வராது. சயான் பக்கம் தோல் கடைகளில் அழகழகா பெல்ட் கிடைக்கும், என் பொண்ணு ஒண்ணு வாங்கியே தீரணும்னா. வாங்கினோம். ஆனா வண்டியில் மாட்டலை. புதுசா கழுத்தைப் பிடிக்கிற எதுவும் அன்னிக்கு வேண்டாம்.

கூடை எங்கே? முன்சீட்டுக்குப் பின்னாடி, தரையில். பிரேக் போட்டா கூடை நகராது, குட்டி பறக்காது. பக்கத்தில் பின்சீட்டில் ஒரு ஆள், கை மட்டும் கூடைக்குள்ள. டிக்கி கூடாது. ஓட்டறவர் மடி கூடவே கூடாது. டிரைவருக்கு இடைஞ்சலா ஆளையோ பொருளையோ வச்சுக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு இருக்கு. மடியில் நாயோட ஸ்டியரிங் பிடிச்சு ரீல் போடறவங்க அதை ஒரு தடவை படிக்கலாம்.

பெரியம்மா போன்

எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிடலாம். சொந்தக்காரங்களைப் பண்ண முடியாது.

எங்க வீட்டுக்காரரோட பெரியம்மா மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருக்காங்க. சனிக்கிழமை ராத்திரி போன். "தாராவிலேர்ந்து வர வழியிலதானேடீ மாட்டுங்கா? ரெண்டு நிமிஷம் வாசல்ல நிறுத்து. ஆரத்தி எடுத்துடறேன். அப்படியே டிபன் சாப்பிட்டுட்டுப் போங்கோ."

மாட்டுங்கா வழியில இல்லவே இல்லை. சயான் ரயில்வே மேம்பாலத்தை இடிச்சுக் கட்டறதுக்காக 2024 ஆகஸ்டில் மூடினதிலிருந்து, தாராவியிலிருந்து கிழக்கே தாண்டறது பெரிய பாடா இருந்தது. நாங்க போட்டிருந்த கணக்கு வேற: தாராவியிலிருந்து பிகேசி (பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ்) போய், அங்கேயிருந்து கனெக்டரில் ஏறி சுனாபட்டி பக்கம் இறங்கி, செம்பூர். 2019-ல் திறந்த அந்தப் பாலம் வந்ததிலிருந்து இந்த வழியில் சிக்னல் தொல்லை குறைவு. கொஞ்சம் சுத்துதான். ஆனா குட்டியோட வயித்தைப் புரட்டறது தூரம் இல்லை. நின்னு நின்னு போறது, பிரேக், குலுக்கல், திருப்பம். சுத்துவழியா இருந்தாலும் சீராப் போற ரோடுதான் குட்டிக்குக் குறுக்குவழி.

மாமனாருக்கு வேற யோசனை. சேடா நகர் முருகன் கோயிலில் நிறுத்தி, படி ஏறி ஒரு அர்ச்சனை. நாங்க போயிட்டு வர்ற வரைக்கும் குட்டி காரிலேயே இருக்கட்டுமேன்னார். இதில்தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. வெளியே 30 டிகிரி இருந்தா, மூடின காருக்குள்ள பத்தே நிமிஷத்தில் 40 தாண்டிடும். நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைச்சுத்தான் சூட்டைத் தணிக்கணும். உள்ளே இருக்கிற காத்தே கொதிச்சா எதை இழுத்துத் தணிக்கும்? ஜன்னலை ஒரு விரக்கடை திறந்து வைக்கிறதால பெரிசா ஒண்ணும் மாறாது. பைரவருக்கே நாய்தான் வாகனம், முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார், வர்ற கிருத்திகைக்குப் போகலாம்னு சொல்லிச் சமாளிச்சேன்.

பெரியம்மாகிட்ட வீட்டுக்காரர் பேசினார். "பெரியம்மா, ரெண்டு வாரம் போகட்டும், நீங்களே வாங்கோ, குட்டி ஆசையா உங்க மடியில உட்காரும்." அரை மனசா சரின்னாங்க. யார் யார் வரணும்கிறதுலேயும் ஒரு சின்ன சண்டை நடந்தது. கடைசியில் காரில் ஏறினது மூணே பேர். ஓட்ட அவர், பின்னாடி நான், அந்தப் பக்கம் என் பொண்ணு. அவளுக்கு ஒரே நிபந்தனை, போன் கைப்பைக்குள்ள.

அந்தப் பயணம்

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைகள் திறக்கறதுக்கு முன்னாடி. இட்லி சைக்கிள் எல்லாம் கிளம்பிப் போயிருந்தது. ஆச்சி குட்டியைக் கையில் கொடுக்கலை. கூடையைத் தரையில் வைக்கச் சொன்னாங்க. துண்டு வாசனைக்குக் குட்டி தானாவே வந்து மோந்து பார்த்து, முன்காலை ஏத்தினது. பின்பக்கத்தை ஆச்சி ஒரு தள்ளு தள்ளி உள்ளே விட்டாங்க. தாய் அந்த நேரத்தில் கல்லிக் கோடியில் கறிக்கடை வாசலில் இருந்தது. அதுவும் ஆச்சியோட ஏற்பாடுதான்.

கதவைச் சாத்தினதும் ஆரம்பிச்சது. அழுகைன்னா சாதாரண அழுகை இல்லை. அந்தச் சின்ன தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வருதுன்னே புரியலை. என் பொண்ணு கண்ணில் தண்ணி. "தூக்கிக்கவா?" வேண்டாம்னு தலையாட்டினேன். கையை மட்டும் கூடைக்குள்ள விட்டேன், தட்டலை, தடவலை, சும்மா வச்சேன். அது என் விரலை மோந்தது, நக்கினது, கடிச்சது, மறுபடி அழுதது. யாரும் பேசலை, பாட்டு போடலை. ஏசி லேசா, காத்து கூடைப் பக்கம் வராத மாதிரி.

பிகேசி நெருங்கும்போது உதட்டை நக்க ஆரம்பிச்சது. ஒரு கொட்டாவி. இன்னொரு கொட்டாவி. அப்புறம் வாயோரத்தில் கண்ணாடி நூல் மாதிரி எச்சில் ஒழுகினது. தூக்கம் வருதுன்னு என் பொண்ணு நினைச்சா. வாந்திக்கு முன்னறிவிப்பே இதுதான். வீட்டுக்காரர் வண்டியை மெதுவாக்கினார். நான் மேல் பேப்பரை மூக்குக்கு நேரே தள்ளி வச்சேன். வெறும் வயிறு, அதனால மஞ்சளா கொஞ்சம் நுரைதான். அந்த ஒரு மடிப்பைச் சுருட்டிக் கவரில் போட்டதும் அடியில் சுத்தமான பேப்பர் தயாரா இருந்தது. ஈரத் துணியால வாயைத் துடைச்சேன். ஐயோ பாவம்னு யாரும் குரல் கொடுக்காம இருந்ததே பெரிய சாதனை. நம்ம பதட்டம் அதுக்குத் தொத்திக்கும்.

கனெக்டரில் ஏறினதும் வண்டி ஒரே சீரா ஓடினது. குட்டி ரெண்டு சுத்து சுத்தி, துண்டுக்குள்ள மூக்கைப் புதைச்சு, என் சுண்டுவிரல் மேலே தாடையை வச்சுத் தூங்கிப் போச்சு. செம்பூர் வந்து சேர்ற வரைக்கும் நான் அந்தக் கையை எடுக்கலை. மரத்துப் போச்சு, பரவாயில்லை.

கோவாவிலிருந்து வந்தது கோவான்னா, தாராவியிலிருந்து வந்தது தாராங்கிறது பொண்ணு கண்டுபிடிச்ச பேர். பெண் குட்டிங்கிறதால பொருத்தமாவும் அமைஞ்சது. மாமனார் மட்டும் இன்னும் "குட்டி" என்றுதான் கூப்பிடறார்.

கார் இல்லாதவங்க

மும்பையில் இதைச் சொல்லாம விட முடியாது. சயானுக்கும் மாஹிமுக்கும் தெற்கே ஆட்டோ கிடையாது. அதனால மாட்டுங்கா, தாதர், பரேல் பக்கத்திலிருந்து குட்டி கொண்டு வர்றவங்களுக்கு டாக்சிதான். காலி பீலி, அதாவது கறுப்பு-மஞ்சள் டாக்சிக்காரரிடம் ஏறறதுக்கு முன்னாடியே நாய்க்குட்டி இருக்குன்னு சொல்லிடுங்க. கையில் விரிப்பு வச்சிருக்கேன், சீட் அழுக்காகாது, மேலே கொஞ்சம் போட்டுத் தர்றேன்னும் சொல்லுங்க. பாதிப் பேர் ஒத்துக்குவாங்க. ஆப் டாக்சின்னா புக் பண்ணின உடனே போனில் கேட்டுடணும். வாசலில் வந்து நின்னு முகம் சுளிச்சா நமக்கும் சங்கடம், அவருக்கும் நஷ்டம். ஆட்டோ ஓடற பகுதின்னா, மூடி இருக்கிற கூடை கட்டாயம். ரெண்டு பக்கமும் திறந்த வண்டியில் ஒரு ஹாரன் சத்தத்துக்குக் குட்டி துள்ளினா பிடிக்க முடியாது. கூட்ட நேரத்து லோக்கல் டிரெயினை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

லிஃப்ட், வாட்ச்மேன், செக்ரட்டரி

குட்டி வந்த பிறகு சொசைட்டியோட மல்லுக்கட்டறதைவிட, வர்றதுக்கு முன்னாடி பேசறது மேல். நாய் வளர்க்கக் கூடாதுன்னு எந்த சொசைட்டியும் தடை போட முடியாது, லிஃப்டில் ஏத்தாதேன்னும் அதுக்குத் தனிக் கட்டணம்னும் சொல்ல முடியாதுன்னு இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கு. அதைக் கையில் வச்சுக்கலாம். ஆனா முதல் நாளே நீட்டினா வேற மாதிரி ஆயிடும். நான் செக்ரட்டரி வீட்டுக்கு முந்தின வாரமே போய், குட்டி வருது, ராத்திரி ரெண்டு மூணு நாள் அழும், பொறுத்துக்கோங்கன்னு சொன்னேன். கீழ்வீட்டுக்கும் சொன்னேன். வாட்ச்மேனுக்கு விஷயம் தெரிஞ்சதால அன்னிக்கு லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடிச்சு வச்சிருந்தார். மாநகராட்சியில் நாய்க்கு லைசென்ஸ் எடுக்கணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ரேபிஸ் ஊசிச் சீட்டு அதுக்கு வேணும்கிறதால, அந்த ஊசி போட்ட கையோட அதையும் முடிச்சுடுங்க.

கார் நின்னதும் குட்டிக்கு உடனே ஒண்ணுக்கு வரும். ஊசி முழுசா முடியாத குட்டியைக் காம்பவுண்டு மண்ணில் இறக்க முடியாது, பார்வோ பயம். நேரே வீட்டுக்குத் தூக்கிப் போய், பால்கனியில் விரிச்ச பேப்பரில் விடணும். தாரா அங்கேயே வேலையை முடிச்சது. அன்னிக்கு வீட்டில் கிடைச்ச முதல் கைத்தட்டல் அதுக்குத்தான். சாப்பாடு, ஆச்சி போட்ட அதே கோழித்தண்ணிச் சோறு. புது உணவுக்கு ஒரு வாரம் எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். ராத்திரி, அதே கூடை, அதே துண்டு, எங்க கட்டிலுக்குப் பக்கத்தில். தனி ரூமில் விட்டுப் பழக்கணும்கிறவங்க அப்புறம் பழக்கிக்கலாம். நாள் பூரா தாய் மேலேயும் கூடப் பிறந்ததுங்க மேலேயும் படுத்துக் கிடந்தது அது. முதல் ராத்திரியே தனியாப் போடணுமா என்ன?

தாய்க்கும் ஒரு சவாரி

நாய் விஷயத்தில் இந்த ஊருக்குப் பழைய சரித்திரம் உண்டு. 1832-ல், தெருநாய்களைக் கொல்லச் சொல்லி பிரிட்டிஷ் அரசாங்கம் உத்தரவு போட்டு, தலைக்கு இவ்வளவுன்னு காசும் கொடுத்தப்போ, பார்சிகள் கடையை மூடிட்டுத் தெருவில் இறங்கினாங்க. அவங்க மதத்தில் நாய்க்குத் தனி இடம் உண்டு. பம்பாயின் ஆரம்பகாலக் கலகங்களில் ஒண்ணு நாய்க்காக நடந்தது. அதே சமூகத்தைச் சேர்ந்த தின்ஷா பெட்டிட், 1880-களில் தன் மனைவி பாய் சகர்பாய் பேரில் பரேலில் விலங்கு ஆஸ்பத்திரி கட்ட உதவினார். அது இன்னிக்கும் நடக்குது. 2024-ல் மகாலட்சுமியில் டாடா டிரஸ்ட்ஸ் சின்னப் பிராணிகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி திறந்தது.

ஆனா கொல்லாம தெருநாயைக் குறைக்கிற வழியைக் காட்டினதில் நம்ம சென்னைக்குப் பங்கு பெருசு. அங்கே இருக்கிற புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே கருத்தடை வேலையை ஆரம்பிச்சது. சென்னை மாநகராட்சி அதை ஏத்துக்க 1996 வரைக்கும் ஆச்சு. மும்பையில் 1985-ல் தொடங்கின 'வெல்ஃபேர் ஆஃப் ஸ்ட்ரே டாக்ஸ்' மாதிரி அமைப்புகள் இதைச் செய்யுது. ஆபரேஷன் முடிஞ்ச நாய்க்குக் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். பிடிச்ச இடத்திலேயே திரும்பக் கொண்டு வந்து விடணும்கிறது பொது விதி.

தாராவோட அம்மாவுக்குக் காது முழுசா இருந்தது. அதான் குட்டி. ஆச்சிகிட்ட முதல் நாளே பேசி வச்சிருந்தோம். மிச்சக் குட்டிகளும் வீடு போய்ச் சேர்ந்து, தாய்க்குப் பால் வத்தினதும் ஆள் வந்து பிடிச்சுக்கிட்டுப் போய், ஆபரேஷன் பண்ணி, ஊசி போட்டு, படிக்குக் கீழேயே கொண்டு வந்து விட்டாங்க. ஆச்சி ஒரு வாரத்துக்கு அதுக்கு முட்டை வச்சாங்களாம். "ஆம்பளைப் பயலுவ தொல்லை விட்டுச்சு, இப்பம்தான் அவ நிம்மதியா ஒறங்குதா" என்றாங்க.

நீங்க தெருவில் பிறந்த குட்டியை எடுக்கிறதா இருந்தா, காரில் கூடையை வைக்கிற அதே கையால அந்தத் தாயோட கருத்தடைக்கும் ஒரு போன் போட்டுடுங்க. இல்லேன்னா அடுத்த ஆறேழு மாசத்தில் அதே படிக்குக் கீழே இன்னொரு ஈத்து இருக்கும். அத்தனைக்கும் கார் அனுப்ப செம்பூரில் வீடு கிடையாது.